கேடோ ஏரியில் துடுப்புப் படகு: சைப்ரஸ் காட்டுக்குள் சென்று திரும்புவதற்கான முழுமையான வழிகாட்டி

டெக்சஸ், லூசியானா ஆகிய இரு அமெரிக்க மாநிலங்களின் எல்லையில் ஏறத்தாழ 25,000 ஏக்கர் பரப்பில் கிடக்கும் கேடோ ஏரியை, அதன் மேற்குக் கரையில் நின்று பார்ப்பவர் ஏரி என்று ஒப்புக்கொள்ளச் சற்றுத் தயங்குவார். தண்ணீரிலிருந்தே நேராக எழும் சைப்ரஸ் மரங்களும், அவற்றின் கிளைகளில் நரைத்த தாடிபோலத் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ் என்னும் செடியும், மரங்களுக்கிடையே எல்லாத் திசைகளிலும் பிரிந்து செல்லும் நீர்த்தடங்களுமே அங்கே தெரியும். அலை இல்லை, பெரும்பாலான இடங்களில் நீரோட்டமும் இல்லை, சராசரி ஆழம் 8 முதல் 10 அடிதான். துடுப்புப் போடுவதைப் பொறுத்தவரை புதியவருக்கு இதைவிட இணக்கமான நீர் கிடைப்பது அரிது. சிரமம் முழுவதும் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வருவதில்தான் இருக்கிறது. ஆகவே படகு, உடுப்பு, நேரம், துடுப்பு என்று கீழே எதைப் பற்றிச் சொன்னாலும், திரும்பும் வழியை மனத்தில் வைத்தே சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஏரியைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த ஏரி ஏன் இப்படி ஒரு புதிர்ப்பாதையாக இருக்கிறது என்பதற்கு அதன் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. ரெட் ஆற்றில் பல நூற்றாண்டுகளாக மரங்கள் விழுந்து, சிக்கி, நூறு மைலுக்கும் மேலான நீளத்துக்கு அடைத்துக்கொண்டு நின்றன. 'பெரும் தெப்பம்' என்று அழைக்கப்பட்ட அந்த அடைப்பினால் பின்வாங்கிய நீர் தாழ்வான காடுகளில் தேங்கியதே கேடோ ஏரி என்று நிலவியலாளர்கள் சொல்கிறார்கள். கேடோ என்பது அப்பகுதியின் பூர்வகுடி மக்களின் பெயர். 19-ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் இந்த ஏரி வழியாகவே ஜெஃபர்சன் நகரம்வரை சென்று வந்தன. 1873-இல் தெப்பத்தின் எஞ்சிய பகுதியும் வெடிவைத்து அகற்றப்பட்டதும் ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்தது. கப்பல் போக்குவரத்தும் நலிந்தது. 1914-இல் லூசியானா பக்கத்தில் கட்டப்பட்ட ஓர் அணை நீரை மீண்டும் உயர்த்தியது; 1971-இல் அதன் இடத்தில் புதிய அணை வந்தது.

சைப்ரஸ் விதை தண்ணீருக்கடியில் முளைக்காது; முளைத்த கன்று நெடுநாள் முழுவதுமாக மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்காது. ஆகவே இன்று படகு செல்லும் நீரின் நடுவே ஒரு மரம் நின்றால், அது முளைத்த ஆண்டில் அந்த இடம் வெறும் சேறாக வெளியே தெரிந்திருக்க வேண்டும். நீர் ஏறியும் இறங்கியும் விளையாடிய இடத்தில் மரங்கள் ஓர் ஒழுங்கில்லாமல் முளைத்து நின்றதனால்தான், எந்த இடைவெளியும் பாதைபோலவே தோன்றுகிறது. 1993-இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. ஏரிக்கரையில் உள்ள ஒரு சிற்றூரின் பெயரே 'அன்சர்ட்டன்', அதாவது 'நிச்சயமில்லாத' ஊர்.

எந்த மாதத்தில் செல்வது

பெரும்பாலோர் அக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிவரை வருகிறார்கள். சைப்ரஸ் ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்க்கும் இயல்புடையது. அந்த நாட்களில் காடு முழுவதும் துருவேறிய செம்பழுப்பு நிறத்துக்கு மாறி, அசையாத நீரில் இரண்டு மடங்காகத் தெரியும். வெயிலும் தணிந்திருக்கும். ஆனால் பகல் சுருங்கிவிடும் என்பதை மறக்கக் கூடாது. மரங்களுக்கடியில் ஊருக்கு முன்பே இருட்டிவிடுகிறது.

மார்ச் முதல் மே வரையிலான இளவேனிலில் பறவைகள் மிகுதி. பொன்மஞ்சள் நிறமுள்ள புரோத்தோனோட்டரி வார்ப்ளர் என்னும் சிறு பறவை நீர்மேல் நிற்கும் மரப்பொந்துகளில் கூடு வைப்பது அப்போதுதான். அதே பருவத்தில்தான் கிழக்கு டெக்சஸில் இடிமழையும் சூறைக்காற்றும் வரும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெப்பமும் ஈரப்பதமும் ஒருபுறமிருக்க, தாமரையும் ஆகாயத்தாமரையும் சால்வினியா என்னும் மிதக்கும் களையும் தடங்களை அடைத்துக்கொள்ளும். ஏப்ரலில் சென்ற வழி ஆகஸ்டில் புல்வெளிபோலக் கிடக்கும். குளிர்காலத்தில் களைகள் மடிந்து நீர் திறந்திருக்கும், ஆனால் தண்ணீர் குளிர்ந்திருக்கும், வாத்து வேட்டைக்காரர்களும் வருவார்கள். அப்போது செல்பவர் பளிச்சென்ற நிறத்தில் உடுத்துவது நல்லது.

கனூவா, கயாக்கா

கனூ என்பது மேற்புறம் திறந்த, ஒற்றை அலகுத் துடுப்பால் செலுத்தும் படகு. நம்முடைய வள்ளத்துக்கு நெருங்கிய உறவு. கயாக்கில் ஒருவர் தாழ்வாக உட்கார்ந்து, இருபுறமும் அலகுள்ள துடுப்பால் மாறிமாறி வலிப்பார். கேடோவின் மரக்கூட்டங்களுக்கு இரண்டுமே பொருந்தும், காரணங்கள்தாம் வேறு. கனூவில் கண்மட்டம் உயரமாக இருப்பதால் களைகளுக்கு அப்பாலும், நீருக்கடியில் உள்ள அடிமரங்களையும் முன்கூட்டியே பார்க்க முடியும். ஒரு பக்கம் மட்டுமே துடுப்பு விழுவதால் குறுகிய இடைவெளிகளில் மரத்தில் இடிபடாது. குழந்தைகளையும் உணவுப் பையையும் ஏற்றிக்கொள்ளலாம். ஏரியின் கிழக்கே, லூசியானா பக்கத்துத் திறந்த நீரில் காற்று அடித்தால், உயர்ந்த பக்கங்களுள்ள அதே கனூ பக்கவாட்டில் தள்ளப்படும். அங்கே கயாக்தான் மேல்.

கயாக்கைத் தேர்ந்தால் 10 முதல் 12 அடி நீளத்தில், அகலமான அடிப்பாகம் உள்ளதை எடுங்கள். கடலுக்கென்று செய்த 16 அடி நீளக் கயாக் நேராக ஓடுவதில் வல்லது. மரத்துக்கு மரம் திரும்ப வேண்டிய இடத்தில் அந்த வல்லமையே தொல்லையாகும். சுக்கான் இருந்தால் மேலே தூக்கிக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் களை முழுவதையும் அது வாரிக்கொண்டு வரும். சொந்தப் படகு இல்லாதவர்கள் கார்னாக் என்னும் ஊரை அடுத்துள்ள கேடோ ஏரி மாநிலப் பூங்காவிலும் சுற்றுப்புறத்திலும் வாடகைக்கு விசாரிக்கலாம். வார இறுதிக்கு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நலம். டாலஸிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் பூங்காவை அடைந்துவிடலாம்.

உடன் எடுத்துச் செல்ல வேண்டியவை

உயிர்காப்பு மேலங்கி ஆளுக்கொன்று படகில் இருக்க வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். 13 வயதுக்குட்பட்ட குழந்தைகள் படகு செல்லும்போது அதை அணிந்தே இருக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சட்டம் விட்டுக்கொடுத்தாலும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். கவிழ்ந்த படகுக்குப் பக்கத்தில், சேற்றில் கால் புதைந்த நிலையில், அதை மாட்டிக்கொள்ள முயல்வது நடக்கிற காரியமல்ல.

அடுத்து, அச்சிட்ட வரைபடம். கைபேசியில் வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வைத்திருந்தாலும் அச்சுப் படி ஒன்று நீர்புகா உறைக்குள் இருக்கட்டும். ஏரியின் பல பகுதிகளில் கைபேசி அலை சரியாகக் கிடைப்பதில்லை, நனைந்த திரையும் விரலுக்குப் பணிவதில்லை. சாதாரணத் திசைகாட்டி, மேலங்கியிலேயே கட்டிய ஊதல், நெற்றி விளக்கு, ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாத குடிநீர், 15 அடிக் கயிறு, கொசு விரட்டும் களிம்பு, மாற்றுத் துணி ஆகியவை போதும். குழுவுக்கு ஓர் உபரித் துடுப்பு கட்டாயம். காலணி காலோடு ஒட்டி நிற்பதாக இருக்க வேண்டும். ரப்பர்ச் செருப்பைக் கேடோவின் சேறு ஒரே அடியில் வாங்கிக்கொள்ளும்.

புறப்படுவதற்கு முன் கரையில் இருக்கும் ஒருவரிடம் எங்கிருந்து இறங்குகிறீர்கள், எந்தத் தடத்தில் செல்கிறீர்கள், எத்தனை மணிக்குள் வரவில்லை என்றால் உதவி கேட்க வேண்டும் என்ற மூன்றையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஏறுதலும் முதல் அரை மணி நேரமும்

பூங்காவுக்குள் உள்ள சா மில் பாண்ட் என்னும் குளம் தொடங்குவதற்கு ஏற்ற இடம். அது பிக் சைப்ரஸ் பையூ என்னும் நீரோடையுடன் இணைந்திருப்பதால், கை பழகியபின் அங்கிருந்தே வெளியே செல்லலாம். பையூ என்பது மெதுவாக ஊரும் ஓடைக்கு அந்த வட்டாரத்தார் வழங்கும் சொல்.

படகைக் கரைக்கு இணையாக, முழுவதும் மிதக்கும்படி வையுங்கள். பாதி கரையிலும் பாதி நீரிலுமாகக் கிடக்கும் கனூவில் ஏறுபவர்தான் பெரும்பாலும் கவிழ்கிறார். ஒருவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் குனிந்து, இரு கைகளையும் இரு விளிம்புகளில் ஊன்றி, காலைப் படகின் நடுக்கோட்டில் வைத்து ஏற வேண்டும். முன்முனையை நம் கடற்கரை மக்கள் அணியம் என்பார்கள்; அங்கே இருப்பவர் வேகத்துக்கும், தடைகளைக் கண்டு சொல்வதற்கும் பொறுப்பு. பின்னால் இருப்பவர் திசைக்குப் பொறுப்பு. கனமான ஆள் பின்னால் இருப்பது வழக்கம். நிலை ஆடுவதாகத் தோன்றினால் இருக்கையை விட்டிறங்கி மண்டியிடுங்கள். உடலின் கனம் தாழ்ந்தவுடன் படகு அடங்கிவிடும்.

குளத்தை விட்டுப் போகுமுன் நான்கு அசைவுகளைப் பழகிக்கொள்ள வேண்டும். முன்வலிப்பில் அலகை நீரில் முழுவதும் அமிழ்த்தி, கையால் மட்டும் இழுக்காமல் உடலைத் திருப்பி வலிக்க வேண்டும். படகைத் திருப்புவதற்கு அலகைப் படகிலிருந்து தள்ளி, அகலமான அரைவட்டமாக வீச வேண்டும். படகைப் பக்கவாட்டில் நகர்த்த, அலகைத் தள்ளி ஊன்றித் தன்னை நோக்கி இழுக்க வேண்டும். இரண்டு மரங்களுக்கிடையே நுழைகையில் அதிகம் பயன்படுவது இதுவே. நான்காவது, பின்வலித்து நிறுத்துதல். இவை தவிர, கனூவில் பின்னால் இருப்பவர் ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் அலகை மெல்ல வெளிப்புறமாகத் திருப்பித் தள்ளினால், படகு ஒரு பக்கமாகவே வளைந்து போவது நிற்கும். மற்ற இடங்களில் மக்கள் முன்வலிப்பையே பழகுகிறார்கள். கேடோவில் நிறுத்தத் தெரிந்தவர்தான் துடுப்புப் போடத் தெரிந்தவர்.

அடிமரத்தில் ஏறிவிட்டால்

சைப்ரஸின் வேர்களிலிருந்து முழங்கால்போல மேல்நோக்கி எழும் முண்டுகளை அங்கே 'முழங்கால்' என்றே சொல்கிறார்கள். பிச்சாவரத்து அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களைப் பார்த்தவர்களுக்கு இவையும் மூச்சுவிடத்தான் என்று உடனே தோன்றும். சைப்ரஸ் விஷயத்தில் அது இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. படகோட்டிக்கு முக்கியமானது வேறு: இவற்றில் பல, பழைய வெட்டுமரக் கட்டைகளோடு சேர்ந்து, நீர்மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கின்றன. தேயிலைச் சாயம்போன்ற நீரில் அவை தெரிவதில்லை. மரத்தண்டுகளில் உள்ள நீர்க்கறை இன்றைய மட்டத்துக்கு மேலே தெரிந்தால் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். அன்று மோதல்கள் கூடும்.

எப்படியும் ஒருமுறை படகின் வயிறு கட்டையின்மேல் ஏறி நின்றுவிடும். அந்த நொடியில் மனிதர்கள் செய்வது இரண்டு: எழுந்து பார்ப்பது, அல்லது கட்டைக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்வது. இரண்டும் கவிழ்க்கும். அசையாமல் இருங்கள். பின்னர் படகின் எந்தப் பகுதி மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது நடுவுக்கு முன்னால் இருக்கும். முன்னால் இருப்பவர் தாழ்வாகவே, விளிம்புகளைப் பிடித்தபடி, ஒரு சாண் பின்னுக்கு நகர்ந்தால் அணியம் இலேசாகும். பின்னால் இருப்பவர் வந்த வழியிலேயே மெதுவாகப் பின்வலிக்க வேண்டும். முன்னோக்கித் தள்ளிக் கடக்கலாம் என்ற ஆசை எழும். அடங்குங்கள், அடுத்த கட்டை அதற்கப்பால்தான் இருக்கும். மழைக்குப் பின்னோ, மேலே உள்ள லேக் ஓ த பைன்ஸ் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டபோதோ பையூவில் ஓட்டம் இருக்கும். அப்போது படகு குறுக்காக மரத்தில் அணைந்தால், மரத்தை நோக்கியே சாய வேண்டும். எதிர்ப்புறம் சாய்ந்தால் ஓட்டம் விளிம்புக்குள் புகுந்துவிடும்.

தாழ்ந்த கிளையைப் பிடித்துப் படகை நிறுத்தும் பழக்கத்தை அறவே விடுங்கள். கை நின்றுவிடும், படகு போய்க்கொண்டிருக்கும். தவிர, அக்கிளைகளில் குளவிக்கூடும், தண்டுகளில் தோலை அரித்துக் கொப்புளிக்கச் செய்யும் பாய்சன் ஐவி கொடியும் இருக்கக்கூடும்.

வழியைக் கணக்கில் வைத்தல்

மோட்டார்ப் படகுகளுக்காக ஏரியில் 'படகுச் சாலைகள்' ஒதுக்கப்பட்டு, நீரில் நட்ட எண்ணிட்ட பலகைகளால் குறிக்கப்பட்டுள்ளன. இவை தவிர, டெக்சஸ் மாநிலப் பூங்காத் துறை அறிவித்த துடுப்புப் படகுத் தடங்கள் பல உண்டு. கதீட்ரல், கார்ட்டர்ஸ் ஷூட், 'நரகத்தின் அரை ஏக்கர்' என்று பொருள்படும் ஹெல்ஸ் ஹாஃப் ஏக்கர் ஆகிய பெயர்களைக் கேட்டாலே வைத்தவர்களின் மனநிலை விளங்கும். முதல் நாள் குளத்தோடும் அதை ஒட்டிய பையூவோடும் நிறுத்திக்கொண்டு, இத்தடங்களை இரண்டாம் வருகைக்கு ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு பலகையைக் கடக்கும்போதும் அதன் எண்ணையும் நேரத்தையும் ஒரு சிறு தாளில் குறியுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் படகை நிறுத்தி, முழுவதும் பின்னே திரும்பி, வந்த வழி எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். போகும்போது பார்த்த மரம் வரும்போது அதே மரமாகத் தெரியாது. அதன் மறுபக்கம் வேறொரு முகம். அடையாளத்துக்கு மரத்தை மட்டும் நம்பாமல், பலகை, பறவைக் கூண்டு, வேட்டைக்காரர் மறைவிடம் முதலிய மனிதர் வைத்த பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். மிதக்கும் களைத்திட்டுகள் காற்றில் நகர்ந்து இடம் மாறும், அவை அடையாளமே ஆகா.

கையிலுள்ள நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிந்ததும் திரும்பிவிட வேண்டும். நான்கு மணி நேரம் என்று வந்திருந்தால் 80 நிமிடத்தில் படகைத் திருப்புங்கள். மீதி நேரம் களைப்புக்கும் எதிர்காற்றுக்கும் ஒரு தவறான திருப்பத்துக்கும் போதுமானதாக இருக்கும்.

வழி தவறியது என்று ஐயம் எழுந்தவுடன் நிறுத்துங்கள். கயிற்றை ஒரு மரத்தில் சுற்றிப் படகை நிலைப்படுத்தி, தண்ணீர் குடித்து, கடைசியாகக் குறித்த எண் எது, அதன்பின் எத்தனை நிமிடம் ஆகியிருக்கிறது என்று கணக்கிடுங்கள். அந்தப் பலகைக்கே திரும்ப முயல்வது சரி. குறுக்கு வழி தேடுவது தவறு. முடியவில்லையெனில் மும்மூன்றாக ஊதல் ஊதுங்கள், அலை கிடைத்தால் அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள், கிடைக்காவிட்டாலும் குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். படகைவிட்டு இறங்கி நடந்து கரை சேரலாம் என்று எண்ணாதீர்கள். கரைபோலத் தெரிவது பெரும்பாலும் மிதக்கும் களையாகவோ இடுப்பளவு சேறாகவோ இருக்கும்.

படகுச் சாலையில் மோட்டார்ப் படகு வந்தால் ஓரத்துக்கு ஒதுங்கி, அது எழுப்பும் அலையை அணியத்தால் எதிர்கொள்ளுங்கள். இடி கேட்டால் உடனே கரையேறி, கடைசி இடிக்குப்பின் 30 நிமிடம் காத்திருங்கள்.

முதலையும் பாம்பும்

அலிகேட்டர் முதலைகள் இந்த ஏரியில் உண்டு. அவை பொதுவாக மனிதரைக் கண்டால் விலகிச் செல்லும். 30 அடிக்குக் குறையாத தூரம் விட்டு, கூட்டுக்கும் குட்டிகளுக்கும் அருகே போகாமல் இருந்தால் போதும். அவற்றுக்கு உணவு போடுவது டெக்சஸில் சட்டப்படி குற்றம். வாயைத் திறந்தால் உட்புறம் பஞ்சுபோல் வெளுத்திருக்கும் காட்டன்மவுத் என்னும் நச்சுப்பாம்பு உடல் முழுவதும் நீர்மேல் மிதக்க நீந்தும். நச்சில்லாத நீர்ப்பாம்புகள் பெரும்பாலும் உடலை அமிழ்த்தித் தலையை மட்டும் காட்டும். இந்த வேறுபாட்டைப் பக்கத்தில் போய்ச் சரிபார்க்க வேண்டியதில்லை.

கவிழ்ந்தால்

படகைப் பிடித்துக்கொள்ளுங்கள், துடுப்பை விடாதீர்கள், ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் எழுந்து நடக்க முயலாதீர்கள். சேற்றுக்கடியில் உள்ள முழங்கால்கள் காலைச் சிக்க வைக்கும். 1869 பிப்ரவரியில் மிட்டி ஸ்டீஃபன்ஸ் என்னும் நீராவிக் கப்பல் இந்த ஏரியில் தீப்பிடித்தபோது ஏறக்குறைய 60 பேர் இறந்தனர்; கரை அருகிலும் நீர் ஆழமற்றுமே இருந்தது. துணைப்படகு இருந்தால், கவிழ்ந்த படகின் அணியத்தைத் துணைப்படகின் நடுப்பகுதிக்குக் குறுக்கே தூக்கி வைத்து நீரை வடித்து, நிமிர்த்தி இறக்கி, இரண்டையும் இணையாகப் பிடித்துக்கொண்டு விழுந்தவரை ஏற்ற வேண்டும். இதனால்தான் தனியே செல்லக் கூடாது. இந்த மீட்பைக் கோடையில், இடுப்பளவுத் தெளிந்த நீரில் ஒருமுறை ஒத்திகை பார்த்திருப்பது நல்லது.

கரையேறிய பின்

2006-இல் கேடோவில் கண்டறியப்பட்ட ராட்சத சால்வினியா, தென் அமெரிக்காவிலிருந்து வந்த மிதக்கும் பெரணி. ஏற்ற சூழலில் ஒரு வாரத்திலேயே இரட்டிப்பாகும். ஈழத்து வாசகர்களுக்கும், கேரளத்துக் குட்டநாட்டை அறிந்தவர்களுக்கும் இது புதிதல்ல. 1939-இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு வயல்களையும் குளங்களையும் மூடியதும், கேரளத்தில் ஆப்பிரிக்கப் பாயல் என்ற பெயரில் காயல்களை அடைத்ததும் இதே செடிதான். இதை மட்டுமே தின்னும் சிறு கூன்வண்டு அங்கெல்லாம் களையை அடக்க உதவியது; கேடோவிலும் அதே வண்டை வளர்த்து விடுகிறார்கள். ஆனால் டெக்சஸின் குளிர் வண்டுகளை அதிகமாகக் கொல்கிறது, அதனால் திரும்பத் திரும்ப விட வேண்டியிருக்கிறது.

ஒரு சிறு துண்டு போதும், வேறொரு ஏரிக்கு அதைக் கொண்டு சேர்க்க. ஆகவே கரையிலேயே படகைக் கவிழ்த்து நீரை முழுவதும் வடியுங்கள். டெக்சஸில் இது சட்டக் கடமையும்கூட. இருக்கைக்கு அடியிலும், கயாக்கின் வடிகால் துளைகளிலும், துடுப்பின் இணைப்பிலும், கயிற்றின் முறுக்கிலும், காலணியின் அடியிலும் ஒட்டியிருக்கும் இலைகளை விரலால் எடுத்து, நீரிலிருந்து தள்ளிக் காய்ந்த தரையில் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் படகை வெயிலில் காயவைத்து, ஒரு வாரம் கழித்து வேறு நீரில் இறக்குங்கள்.